பக்கத்துப் படகுக்குக் கேட்டால் போதுமா?

சமையலறை மேசைமேல் அந்தப் பெட்டி மூன்று நாளாக உட்கார்ந்திருந்தது. யூக்ளீட் அதைத் தள்ளிவைத்துவிட்டுச் சாப்பிட்டான். தள்ளிவைத்துவிட்டுப் பேப்பர் படித்தான். ஒரு தடவைகூட மூடியைத் திறந்து பார்க்கவில்லை.

உள்ளே இருந்தது படகுக்கான புது ரேடியோ. வாங்கி வந்தவள் சொலாஞ். அவன் மனைவி.

சனிக்கிழமை காலை. இன்னும் இரண்டே நாள். திங்கட்கிழமை காலை ஆறு மணிக்கு வாணம் சீறியதும், செந்த் அமெலி துறையின் அறுபது படகுகளும் கூண்டுகளை மலையாக அடுக்கிக்கொண்டு ஒன்றாகக் கிளம்பும். சிங்கி இறால் பருவத்தின் முதல் நாள் அது. இந்த வருடம் அவர்கள் படகான 'மிரேய் மேரி'யின் சுக்கானைப் பிடிக்கப்போவது சொலாஞ்தான். பதினெட்டு வருடம் அதே படகில் புருஷனுக்குப் பின்னால் நின்று கூண்டு இழுத்தவள், இப்போது முன்னால் நிற்கப்போகிறாள்.

ஏன் என்பதை வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். மறந்தவர்களுக்காக நாலு வரி.

போன பிப்ரவரியில் சொலாஞ் காய்ச்சலில் படுத்திருந்த ஒரே ஒரு நாள், யூக்ளீட் தனியாகக் கடலுக்குப் போனான். எஞ்சின் நின்றது. உள்ளே தண்ணீர் ஏறியது. ரேடியோவில் ஐந்து மணி நேரம் கத்தினான். ஒருவரும் பதில் சொல்லவில்லை. ஆனால் மூன்று மைல் தள்ளி நின்ற அவன் அண்ணன் வில்ஃப்ரெட், புது விறகடுப்பு புகைந்த கதையை யாரிடமோ சொல்லிச் சிரித்தது மட்டும் இவனுக்கு ஒரு சொல் விடாமல் கேட்டது. அந்தக் கதை பாதியில் சட்டென்று நின்றும் போனது. தான் கூப்பிட்டது அண்ணன் காதில் விழுந்துவிட்டது, விழுந்தும் வாயை மூடிக்கொண்டான் என்று யூக்ளீட் முடிவுகட்டியது அப்போதுதான். அதற்கு முந்தின வாரம்தான் கூண்டு போடுகிற இடத்துக்காக இருவரும் துறையில் எல்லோர் முன்னாலும் சண்டை போட்டிருந்தார்கள்.

சாயங்காலம் வேறொரு கப்பல்காரன் பார்த்து இழுத்து வந்தான். படகு பிழைத்தது. யூக்ளீடின் வலது கையில் மூன்று விரல்களைக் குளிர் தின்றுவிட்டது. அன்றிலிருந்து அவன் படகில் கால் வைக்கவில்லை. அண்ணனோடு ஒரு வார்த்தை பேசவில்லை. மாதா கோயிலில்கூட அவர் வலப்பக்கம் உட்கார்ந்தால் இவன் இடப்பக்கம்.

"பழசுக்கு என்ன கேடு? இருபது வருசம் அதுலதான பேசினேன்," என்றான் யூக்ளீட் இப்போது, பேப்பரை மடிக்காமலே.

"பேசின. யாருக்குக் கேட்டுச்சு?"

"கேட்டுச்சு. கேக்க வேண்டியவனுக்குக் கேட்டுச்சு. கேட்டும் வாயத் திறக்கல. அதுக்குப் புது ரேடியோ என்ன பண்ணும்? அவன் காதுக்குள்ள போயிக் கதவத் தட்டுமா?"

சொலாஞ் பெட்டியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். இந்தப் பேச்சு ஒன்பது மாதமாகத் தேய்ந்த பேச்சு. அன்றைக்குக் காய்ச்சலோடு இதே சமையலறையில், படகுகளோடு பேச வைத்திருந்த வீட்டு ரேடியோவுக்குப் பக்கத்தில், போர்வையைச் சுற்றிக்கொண்டு அவளும்தான் உட்கார்ந்திருந்தாள். மைத்துனரின் அடுப்புக் கதையைக் கேட்டு அவளும்தான் சிரித்தாள். புருஷன் குரல் அவளுக்கும் கேட்கவில்லை. ஆனால் யூக்ளீட் அவளை ஒரு சொல் சொன்னதில்லை. 'வீட்டு ரேடியோ கிழடு' என்று அதற்கு ஒரு சமாதானம் வைத்திருந்தான். எல்லாக் கோபமும் அண்ணனுக்கு மட்டும்.

அவள் பெட்டியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு எழுந்தாள்.

"மிரேய்! உன் கருவிப் பையை எடு. மாட்டிடலாம்."

மிரேய் அவர்களுடைய ஒரே மகள். ஹாலிஃபாக்ஸில் மின்வேலை படிப்பவள். அம்மாவோடு கூண்டு இறக்குவதற்காக ஒரு வாரம் விடுப்பு போட்டு வந்திருந்தாள்.

இந்த ரேடியோவை சொலாஞ் வாங்கிய கதையை ஊரே சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தது. கடைக்காரன் டானி முதலில் வழவழவென்று மின்னும் ஒன்றை நீட்டினான். அவள் பையிலிருந்து படகில் போடும் தடித்த ரப்பர் கையுறையை எடுத்து மாட்டி, வாளித் தண்ணீரில் முக்கி, அந்தக் கையோடு பட்டனை அமுக்கினாள். ஒன்றை அமுக்கினால் மூன்று அமுங்கியது. "அடுத்தது," என்றாள். இப்படி நாலைக் கழித்தாள். ஐந்தாவதை வாசலுக்குத் தூக்கிப் போய், தன் டிரக் எஞ்சினை ஓடவிட்டு அதன் பக்கத்தில் வைத்து அலறவிட்டாள்.

"கட்டிக்கப் போற மாதிரியில்ல பாக்குற!" என்றான் டானி.

"கட்டிக்கும்போது இவ்வளவு பாக்கல டானி. அதான்."

கூடவே, தண்ணீரில் விழுந்தால் மிதக்கிற கைரேடியோ ஒன்றும் வாங்கினாள், மேலங்கியில் செருகிக்கொள்ள. பெரிய ரேடியோவின் சிவப்பு மூடிக்குள் ஒரு பட்டன் இருந்தது. ஆபத்தில் அதை அழுத்திப் பிடித்தால், படகின் பெயரும் நிற்கும் இடமும் தானாகக் கரைக்குப் போய்ச் சேரும். ஆனால் அரசாங்கம் கொடுக்கிற ஒன்பது இலக்க எண்ணை முதலில் அதற்குள் பதிய வேண்டும். பதியாவிட்டால் அது வெறும் அலங்காரம். துறையில் பாதிப் பேர் வைத்திருப்பது அலங்காரம்தான். சொலாஞ் எண்ணுக்கு செப்டம்பரிலேயே எழுதிப்போட்டு வாங்கி வைத்திருந்தாள்.

பத்தரை மணிக்கு ரேடியோ மாட்டியாயிற்று. மிரேய் எண்ணைப் பதிந்து இரண்டு தரம் சரிபார்த்தாள்.

"யாரையாவது கூப்பிடும்மா."

துறையில் இதற்கு ஒரு வழக்கம் உண்டு. கயிற்றை அவிழ்ப்பதற்கு முன்னால் பக்கத்துப் படகைக் கூப்பிடுவார்கள். அவன் 'கேக்குது' என்பான். அவ்வளவுதான் பரிசோதனை. யூக்ளீடும் இருபது வருடம் தினம் காலை இதைத் தவறாமல் செய்தவன்தான். அந்த பிப்ரவரி காலையிலும் செய்தான்.

பக்கத்தில் கட்டியிருந்தது ஓவிட்டின் படகு. சொலாஞ் கூப்பிட்டாள்.

"கேக்குது, கேக்குது! காது கிழியுது!" என்றான் ஓவிட். "சத்தத்தக் கொற, எறாலெல்லாம் ஓடிடப் போவுது!"

மிரேய் கைதட்டினாள். சொலாஞ் சிரிக்கவில்லை. ஓவிட்டின் குரல் ரேடியோவில் வந்தது; ஜன்னல் வழியாகவும் வந்தது. இரண்டும் ஒன்றாகவே வந்தன. அவள் அந்த ஜன்னலையே பார்த்தாள். நாற்பது அடி தூரத்தில் ஓவிட் காபிக் கோப்பையை உயர்த்திக் காட்டினான்.

"இவனுக்கு நான் கூரைமேல ஏறிக் கத்தினாலும் கேக்குமேடி," என்றாள் சொலாஞ்.

"அதனால?"

"அதனால கயித்த அவுரு."

அவள் வீட்டுக்குப் போன் போட்டாள். "யூக்ளீட், சமையலறை ரேடியோவப் போட்டு வை. நான் முனை தாண்டி வெளிய போறேன். கூப்பிடுவேன். பதில் சொல்லு."

"எனக்கு வேற வேலை இல்லையா?"

"இல்ல. எனக்குத் தெரியும், இல்ல."

கலங்கரை விளக்கத்து முனையைத் தாண்டி நாலு மைல். கடல் சாம்பல் நிறத்தில் அமைதியாகக் கிடந்தது. சொலாஞ் எஞ்சினைத் தணித்துவிட்டு ஒலிவாங்கியை எடுத்தாள்.

"வீடு, வீடு, இது மிரேய் மேரி. கேக்குதா?"

ஒன்றுமில்லை.

மறுபடி கூப்பிட்டாள். மூன்றாம் தரமும் கூப்பிட்டாள். ஊர் முழுக்க அவளுக்குக் கேட்டது. ஓவிட் யாரிடமோ கயிற்று முடிச்சுக்கு நூல் கேட்டான். ஒருத்தன் தப்பும் தவறுமாகப் பாட்டுப் பாடினான். யூக்ளீட் மட்டும் பேசவில்லை.

சொலாஞ்சுக்குச் சுர்ரென்று ஏறியது. வேண்டுமென்றே செய்கிறான். பெட்டி வாங்கிய அன்றிலிருந்து முறுக்கிக்கொண்டு இருக்கிறான், இப்போது வாயையும் மூடிக்கொண்டு விட்டான். அவள் செல்போனை எடுத்தாள். ஒற்றைக் கோடு காட்டியது. அது போதும்.

"ஏன் பதில் சொல்லல?"

"நீ எங்க கூப்பிட்ட?" யூக்ளீடின் குரலில் நிஜமான எரிச்சல். "பெட்டிக்குப் பக்கத்துலயே உக்காந்திருக்கேன். அடுப்புல உருளைக்கிழங்கு ராப்யூர் தீயுற வாசன வருது, எந்திரிச்சுகூடப் போகல."

"மூணு தடவ கூப்பிட்டேன்."

"விளையாடாத, சொலாஞ்."

"மூணு தடவ, யூக்ளீட். மிரேய் பக்கத்துல நிக்கிறா, கேட்டுப் பாரு. ஓவிட் நூல் கேட்டான். கேட்டுச்சா?"

"கேட்டுச்சு."

"எனக்கும் கேட்டுச்சு. எல்லாரும் பேசறது எனக்குக் கேக்குது. நான் பேசறதுதான் போகல." அவள் ஒரு நிமிடம் தன் கையில் இருந்த புத்தம்புது ஒலிவாங்கியைப் பார்த்தாள். பெட்டியைப் பிரித்து இரண்டு மணி நேரம்கூட ஆகவில்லை. "ஒண்ணு கேக்கறேன். உண்மையச் சொல்லு. நான் கூப்பிட்டது காதுல விழுந்து, வேணும்னே வாயத் திறக்காம இருந்தியா?"

"என்ன பேச்சு பேசற நீ? உன் குரல் கேட்டா நான் எப்படி..."

அவன் நிறுத்திவிட்டான்.

இருவருமே போனை வைக்கவில்லை. அடுப்பில் ஏதோ சீறுகிற சத்தம் அவளுக்குக் கேட்டது.

மிரேய் அதற்குள் சுக்கான் அறையின் கூரைமேல் ஏறியிருந்தாள். ஆன்டெனாவின் அடியில், கம்பி வந்து சேர்கிற இடத்தில், கறுப்பு டேப் கட்டைவிரல் தடிமனுக்குச் சுற்றியிருந்தது. ரேடியோதான் புதுசு; கம்பியும் டேப்பும் பழசு, யூக்ளீட் சுற்றியது. டேப் சுற்றுவதில் அவனுக்கு இணை இல்லை என்று அவனே சொல்லிக்கொள்வான். மிரேய் கத்தியால் கீறினாள். உள்ளிருந்து தண்ணீர் அவள் மணிக்கட்டில் வழிந்தது.

"அம்மா, இங்க வந்து பாரு."

இணைப்பு முழுக்கப் பச்சையாகப் பூத்திருந்தது. கம்பியை மடக்கினால் உள்ளிருந்த செப்பு இழை பொடியாக உதிர்ந்தது.

"அப்பா மேலேருந்து கீழ சுத்தியிருக்காரு. கூரை ஓட்டத் தலைகீழா வேஞ்ச மாதிரி. மழையெல்லாம் ஒவ்வொரு மடிப்புலயும் உள்ள இறங்கியிருக்கு. கீழேருந்து மேல சுத்தியிருந்தா வழிஞ்சு போயிருக்கும்."

"அப்ப எனக்கு மட்டும் எப்படி எல்லாம் கேக்குது?"

"அவங்க படகுலேருந்து பலமா வருதும்மா. அதுல கொஞ்சம் தப்பிச்சு உள்ள வந்துடும். நம்ம பேச்சு வெளிய போக வழியில்லாம இங்கயே செத்துடுது. ரேடியோவும் தான் கெட்டுடக் கூடாதுன்னு பலத்தைக் கொறச்சுக்கும். ஓவிட் மாமா வரைக்கும் போகும். அதுக்கு மேல போகாது."

சொலாஞ் அந்தக் கம்பித் துண்டை வாங்கிக்கொண்டாள். அவளுக்கு அழுகை வந்தது, அழுதாள். மகள் பார்க்கட்டும் என்றே அழுதாள். ஒன்பது மாதம். இந்தப் பச்சைத் துண்டுக்காக ஒரு குடும்பம் கோயிலில் இரண்டு பக்கமாக உட்கார்ந்தது. பிறகு மூக்கைத் துடைத்துக்கொண்டு எஞ்சினை முடுக்கினாள்.

துறைக்கு வந்ததும் டானி கடையில் புதுக் கம்பி வாங்கினார்கள். மிரேய் இணைப்பை ஈயம் வைத்துப் பற்றவைத்தாள். தன்னோடு தானே ஒட்டிக்கொள்ளும் ரப்பர் டேப்பைக் கீழிருந்து மேலாக இழுத்து இழுத்துச் சுற்றினாள். இரண்டு மணிக்கு சொலாஞ் வீட்டுக்குள் நுழைந்து, பழைய துண்டை மேசைமேல், மூன்று நாளாகப் பெட்டி இருந்த அதே இடத்தில் வைத்தாள்.

யூக்ளீட் மீந்திருந்த இரண்டு விரலால் அதைப் புரட்டினான்.

"இது நான் சுத்தினது," என்றான்.

"ஆமா."

"எப்ப சுத்தினேன்... அஞ்சு வருசம் இருக்குமா?"

"இருக்கும்."

"தினம் காலையில ஓவிட்டக் கேப்பேன். அவன் கேக்குதும்பான்." அவன் துண்டைக் கீழே வைத்தான். "பெர்னடெட் அண்ணி கிறிஸ்மசுக்கு கேக் கொடுத்தனுப்பறேன்னு போன வாரம் ஆள் விட்டாங்க. வேணாம்னு சொல்லிட்டேன்."

வேறொரு நாளாக இருந்தால் சொலாஞ் அவன் தோளில் கை வைத்திருப்பாள். இன்று வைக்கவில்லை.

"புதுக் கம்பி போட்டாச்சு. இப்ப தூரத்துல இருக்கிற ஒரு படகு கேக்கணும். பக்கத்துப் படகு வேண்டாம்."

"கடலோரக் காவல்படையக் கூப்பிடு."

"அவங்க கம்பம் குன்று மேல நிக்குது. எறும்பு தும்மினாலும் அவங்களுக்குக் கேக்கும். படகுக்குப் படகு கேக்கணும். உன் அண்ணன் இன்னைக்கு முயல் தீவுல இருக்காரு, கொட்டகையிலேருந்து கூண்டு ஏத்திட்டு. ஒன்பது மைல்."

யூக்ளீட் தலையை ஆட்டினான். "நீ கூப்பிடு."

"நீதான் கூப்பிடுவ."

"மாட்டேன்."

"சரி. அப்ப திங்கக்கிழமை மிரேய் மேரி துறையிலதான் நிக்கும். மத்த படகெல்லாம் போகட்டும், நாம கரையில நின்னு கை காட்டலாம். என்னமோ ஒண்ணு ஆகி நான் கூப்பிட்டா, முதல்ல ஓடி வரப் போறது யாரு? அந்த மனுசன்தான். அவரோட பேசாத குடும்பமா நான் அந்தத் தண்ணிக்குப் போக மாட்டேன்."

அவள் சொன்னால் செய்வாள். அது அவனுக்கு இருபத்தைந்து வருடமாகத் தெரியும்.

யூக்ளீட் எழுந்து வாசலில் இருந்த ரப்பர் பூட்ஸை எடுத்தான். பிப்ரவரிக்குப் பிறகு அது கழுவிக் கவிழ்த்த இடத்திலேயே இருந்தது. இடக் கையும் வலக் கையின் இரண்டு விரலுமாக அதைக் காலில் ஏற்ற வெகுநேரம் ஆயிற்று. சொலாஞ் உதவவில்லை. கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றாள்.

சுக்கான் அறையில் அவன் எதையும் தொடாமல் கொஞ்ச நேரம் நின்றான். ஓவிட் தன் ஜன்னலிலிருந்து பார்த்தவன், காபிக் கோப்பையைக் கீழே வைத்தான். யூக்ளீட் ஒலிவாங்கியை எடுத்தான். கட்டைவிரல் நன்றாகத்தான் இருந்தது.

"டூ பிரதர்ஸ், டூ பிரதர்ஸ், டூ பிரதர்ஸ். இது மிரேய் மேரி."

'டூ பிரதர்ஸ்' வில்ஃப்ரெட்டின் படகு. இருவரும் சேர்ந்து கட்டிய காலத்தில் வைத்த பெயர், அவர் மாற்றவில்லை.

ரேடியோவில் அரட்டை அடித்துக்கொண்டிருந்த அத்தனை பேரும் நின்றுவிட்டார்கள். ஒன்பது மாதம் கழித்து அந்தக் குரல்.

"மிரேய் மேரி." வில்ஃப்ரெட்டின் குரல் கரகரத்திருந்தது. "எழுபத்தெட்டாம் சேனலுக்கு வா."

மிரேய் குமிழைத் திருப்பினாள். துறையில் இருந்த எல்லா ரேடியோவும், எல்லாச் சமையலறையும் அந்த நொடியில் எழுபத்தெட்டுக்குத் திரும்பியிருக்கும். செந்த் அமெலியில் ஒட்டுக் கேட்பதை யாரும் பாவக் கணக்கில் சேர்ப்பதில்லை.

"எப்படிக் கேக்குது?" என்றான் யூக்ளீட்.

"தெளிவா. பக்கத்துல நிக்கிற மாதிரி."

சொலாஞ் கண்ணை மூடித் திறந்தாள். ரேடியோ வேலை செய்கிறது. இனி ஒன்றுதான் பாக்கி.

யூக்ளீட் மறுபடி பட்டனை அழுத்தினான். "அண்ணே. கம்பியில தண்ணி எறங்கியிருக்கு. நான் சுத்தின டேப்பு. அன்னைக்கு நான் கூப்பிட்டது எவனுக்கும் போயிருக்காது. உனக்கும் போயிருக்காது. நான் உன்னப் பேசினதெல்லாம் தப்பு. ஊர் கேக்கட்டும், அதுக்குத்தான் இதுல சொல்றேன்."

பட்டனை விட்டான். ரேடியோ இரைந்தது. மிரேய் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

வில்ஃப்ரெட் மெதுவாகப் பேசினார்.

"போயிருக்காதுன்னு யாருடா சொன்னா?"

யூக்ளீட் ஒலிவாங்கியைப் பார்த்தான்.

"ஒரு வார்த்த வந்துச்சு. ஒண்ணே ஒண்ணு. 'அண்ணே'ன்னு. அப்புறம் கரகரன்னு சத்தம். இந்தத் துறையில எவனுக்கு அண்ணன் இல்ல? எவனோ எவனையோ கூப்பிடறான்னு நெனச்சேன். கதைக்கு இடஞ்சலா இருந்துச்சு. வேற சேனலுக்குப் போயி அங்க சொல்லி முடிச்சேன். சாயங்காலம் உன்ன இழுத்துட்டு வந்தாங்க பாரு, அப்பத்தான் அது யார் குரல்னு புரிஞ்சுது. சொல்லத் தைரியம் வரல. நீ ஊர்ல என்னத் திட்டறதக் கேட்டப்பல்லாம், சரியாத்தான் திட்டறான்னு நின்னேன்."

யூக்ளீடின் கட்டைவிரல் பட்டனை அழுத்தியது. அவன் அழுத்திப் பிடித்திருக்கிற வரைக்கும் அந்தச் சேனலில் வேறு யாரும் பேச முடியாது. துறை முழுவதும் அவன் மூச்சு வாங்குவதை மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது. சொலாஞ் அவன் விரலை எடுத்துவிடவில்லை.

"அங்கயே இரு," என்றான் கடைசியில். "வர்றேன்."

ஒலிவாங்கியைக் கொக்கியில் ஒழுங்காக மாட்டினான். சுக்கானுக்கு முன்னால் போய் நின்றான்.

"சொலாஞ், கயித்த அவுரு."

அவள் அவன் முகத்தைப் பார்த்தாள். அண்ணனைக் கட்டிக்கொள்ளப் போகிறானா, கை ஓங்கப் போகிறானா? இருபத்தைந்து வருடம் அந்த முகத்தோடு வாழ்ந்தவளுக்கு அது பிடிபடவில்லை. இருட்ட இரண்டு மணி நேரம்தான் இருந்தது. அவள் போய்க் கயிற்றை அவிழ்த்தாள். திரும்பி வந்து, குமிழை ஆபத்தில் எல்லோரும் கூப்பிடுகிற பதினாறாம் சேனலுக்குத் திருப்பி, சத்தத்தை முழுக்க ஏற்றி வைத்தாள்.

போகிற வழியில் யாராவது யாரையாவது கூப்பிட்டால், கேட்க வேண்டும்.